நாலு தடிக்கம்பி

குளோரியின் மகன் லிபின் என்ன வாசிக்கிறான் என்று புன்னத்துறையில் யாரைக் கேட்டாலும் கிட்டார் என்றுதான் சொல்வார்கள். அது எப்படிக் கேட்கும் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். சர்ச்சில் ஞாயிறு பூசையில் கீபோர்டு கேட்கும், தபேலா கேட்கும், பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்கும் குளோரியின் தொண்டை கடற்கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்குக்கூடக் கேட்கும். லிபின் தூணோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டு நாலு தடிக்கம்பியை இழுத்துக்கொண்டிருப்பான். "ஒம் மவன் வாசிக்கானா, இல்ல பாட்டுக்குத் துணைக்கு நிக்கானா?" என்று அவளோடு மீன் விற்கப் போகிற ஜெபகனி ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். குளோரிக்குச் சுருக்கென்றது. ஜெபகனி ஏறிய டெம்போவில் ஒரு வாரம் அவள் ஏறவில்லை.

அது பேஸ் கிட்டார். பாட்டுக்கு அடியில் கிடந்து ஓடுகிற தாழ்ந்த சத்தம் அதனுடையது. "கறிக்குத் தேங்கா அரைச்சு விடுதோம்லா, அது மாதிரியாக்கும். தனியாத் தெரியாது. விடாம இருந்து பாரு, அப்பம் தெரியும்" என்று குளோரி கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஊர் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை.

அந்தக் கிட்டார் குவைத்திலிருந்து யாரோ கோயிலுக்கு வாங்கிக்கொண்டு வந்தது. ஆறு கம்பி இருக்குமென்று நினைத்த பையன்கள் நாலைப் பார்த்ததும், மிச்சம் ரெண்டு வழியில் அறுந்துவிட்டது போல என்று மூலையில் சாய்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த லிபின்தான் ஒருநாள் பங்குச் சாமியாரிடம் கேட்டு அதை வீட்டுக்குத் தூக்கி வந்தான். சொல்லித்தர ஆளில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்பான், அடியில் ஓடும் சத்தத்தை மட்டும் பொறுக்கி எடுப்பான். ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கிட்டாரின் தலையை மர அலமாரியில் முட்டுக்கொடுத்து வாசித்தால் அலமாரி முழுக்கப் பேசும். மேல்தட்டில் எவர்சில்வர் தம்ளர்கள் கிலுகிலுக்கும். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கும் குளோரியின் முதுகு சுவரில் பட்டால் அங்கேயும் அது வந்து தொடும்.

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அவனுக்கு வெளியாள் தேவைப்பட்டது. கம்பியில் எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று தெரியவேண்டும். கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஆன்ட்ரூஸ் ஆட்டோ ஓட்டுகிறவன், பாட்டு முடிந்தால் சவாரிக்கு ஓடிவிடுவான். அவன் எந்தக் கட்டையை அழுத்துகிறான் என்று பார்த்து, அந்தச் சத்தம் தன் கம்பியில் எங்கே இருக்கிறது என்று தடவிப் பிடித்து, அந்த இடத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டான் லிபின்.

வினை அங்கேதான் இருந்தது. அதற்கும் முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில், பாட்டு தன் தொண்டைக்கு எட்டாத பள்ளத்தில் கிடக்கிறது என்று குளோரி குறைபட்டிருந்தாள். ஆன்ட்ரூஸ் ஒரு பொத்தானை அமுக்கிக் கீபோர்டு முழுவதையும் ஒரு படி ஏற்றிக் கொடுத்தான். கடலோரத்து உப்புக்காற்று எதைத்தான் விட்டு வைத்தது? அமுங்கிய பொத்தான் அமுங்கியபடியே பிடித்துக்கொண்டது. சி என்ற கட்டையை அழுத்தினால் அதற்கு அடுத்த சத்தம் வந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு படி ஏறியதால் ஒருவருக்கும் உறுத்தவில்லை. ஆனால் லிபின் தன் கம்பியில் எல்லாப் பெயரையும் ஓரிடம் தள்ளிப் படித்துவிட்டான். தெருவில் வீட்டு நம்பரெல்லாம் ஒரு வீடு தள்ளி எழுதியிருப்பது மாதிரி. புன்னத்துறைக்குள் இருக்கிறவரை தபால் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம் ஞானதாசன் பஹ்ரைனிலிருந்து போன் செய்தான். அவன் அங்கே ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் நெடுநாளாய் இருக்கிறான். குளோரியின் புருஷன் பேச்சில் எப்போதும் சிக்கனம், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தாராளம்.

"குளோரி, விசா ஒண்ணு இருக்கு. லிபினுக்காக்கும் கேட்டு வச்சிருக்கேன். எங்கட்டிலுக்கு மேல உள்ள கட்டில் காலியாக் கெடக்கு."

"அவங்கிட்ட கேக்கண்டாமா?"

"ஐஸ் கம்பெனியில கெடந்து ஐஸ் ஒடைக்கான். அதுக்கு இங்க வந்து எங்கூட நிக்கட்டும். எனக்கும் ஒரு மிண்டாட்டத்துக்கு ஆளு வேணும் பாத்துக்கோ. ராத்திரி வல போட்டுட்டு இருக்கப்போ பேச ஒரு சீவன் இல்ல."

குளோரிக்கு அந்தக் கடைசிப் பேச்சு நெஞ்சில் தைத்தது. பணம் காசு என்று சொல்லியிருந்தால் எதிர்த்து வாயாடியிருப்பாள். கூட ஆள் வேண்டும் என்கிற மனுஷனிடம் என்னத்தை வாயாட?

அதே வாரம்தான் மார்த்தாண்டத்திலிருந்து அனில்குமார் லிபினைக் கூப்பிட்டார். பாட்டுக் கச்சேரி போடும் கானமேளா குழு நடத்துகிறவர். இந்தப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா, அந்தப் பக்கம் திருவனந்தபுரம் வரைக்கும் உற்சவம் என்று பங்குனி சித்திரையில் நிற்க நேரமில்லாத குழு. அவருடைய பேஸ் கிட்டார்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். லிபின் ஏதோ கல்யாண வீட்டில் வாசித்ததை யாரோ போனில் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

குளோரி மீன் விற்றுத் திரும்பியபோது லிபின் சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். "யம்மா, பேசத்தான் கூப்பிட்டிருக்காவ. எடுத்துட்டாவண்ணு நெனைக்காத" என்றான். அவள் நினைத்துவிட்டாள். மகன் பஸ் ஏறியதும் நல்ல நெய்மீன் துண்டாக எடுத்துத் தேங்காய் அரைத்துக் கறி வைத்து, அவன் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது வந்தான். கிட்டாரைக் கழற்றாமல் வாசப்படியிலேயே உட்கார்ந்தான்.

"என்ன மக்கா, என்ன சொன்னாரு?"

"எவங்கிட்டலே படிச்சேண்ணு கேட்டாரு. நானே படிச்சேண்ணு சொன்னேன். தெரியுதுண்ணு சொன்னாரு."

நடந்ததை அவனிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒத்திகை அறையில் அனில்குமார் ஜி என்று எழுத்தைச் சொல்லியிருக்கிறார். லிபினின் விரல் தனக்குத் தெரிந்த ஜியில் போய் நின்றது. மற்ற எல்லாரும் ஒரு வீட்டில், இவன் மட்டும் பக்கத்து வீட்டில். டி என்றார், அங்கேயும் பக்கத்து வீடு. டிரம்ஸ்காரன் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அனில்குமார் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு பாட்டை எடுத்து, கேட்டுக்கொண்டே கூட வா என்றார். போனான். அந்தப் பாட்டு முடிகிறவரை ஒருவரும் சிரிக்கவில்லை.

"பொறவென்ன? வாசிச்சிட்டேல்லா?"

"காது கொள்ளாம், நல்ல காதுதான், ஆனா பேரு முழுசும் தப்புண்ணு சொன்னாரு. மேடையில பாடுதவங்க ஆளாளுக்கு ஒரு சுதி கேப்பாவளாம். இவரு பாட்டுக்கு நடுவில திரும்பி ஒரு எழுத்துத்தான் சொல்லுவாராம். யோசிச்சிட்டு நிக்க நேரம் கெடையாது. கம்பியத் தளத்திச் சரிக்கட்டுகேன்னேன். தொளதொளன்னு கெடக்க கம்பியில வாசிக்க எனக்கு ஆளு வேண்டாம்னுட்டாரு. தக்கலைப் பக்கம் அம்மன் கோயில் கொடை வருதுல்லா, அதுக்குள்ள மாத்தினா வா, இல்லேன்னா ஒண்ணும் நெனைக்காதேண்ணு..."

"இது எப்பிடி மக்கா தப்பாச்சு?"

லிபின் சொன்னான். ஆன்ட்ரூஸின் பொத்தான் வரைக்கும் சொன்னான். அதை அமுக்கச் சொன்னது யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. குளோரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரெல்லாம் மெச்சிய தன் தொண்டை இப்படி ஒரு வேலை பார்த்து வைத்திருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள். லிபினுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவன் கண்ணைத் துடைத்தான்.

"எந்திரி. மீன் கறி ஆறுது. தின்னுட்டு எடு அத" என்றாள் குளோரி.

மறுநாள் அவள் ஞானதாசனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். கொடை வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"அரபி எனக்க மாமனா, காத்துட்டு இருக்கதுக்கு? அந்த நாலு கம்பிய வச்சு என்ன செய்யப்போறான்? அவன் வரலேன்னா அக்கா மவன் ஷைஜுவுக்குப் போவும் விசா."

"கொடை வரைக்கும் பொறுங்க. மேடை கெடைக்கலேன்னா நானே அவன டிக்கெட் எடுத்து ஏத்தி விடுதேன். என் வார்த்தையாக்கும்."

ஞானதாசன் போனை மறு காதுக்கு மாற்றினான். பின்னால் யாரோ மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பிடீன்னா ஒண்ணு செய்யி. அவன் மேடையில வாசிக்கப்போ போனப் போடு. எங்காதால நான் கேக்கணும். கேட்டுட்டு அரபிகிட்டச் சொல்லுதேன், வாறானா இல்லியாண்ணு."

தெரிந்து வைத்த ஒன்றை மறந்துவிட்டுத் திரும்பப் படிப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம். விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. எழுத்தை மனசில் சொன்னதுமே பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிடும். தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் சரியாக வந்தது, ஏனென்றால் எது வரப்போகிறது என்று அவனுக்கே தெரியும். அனில்குமார் திரும்பி ஒரு எழுத்தைக் கத்தும்போது வருமா என்பதுதான் கேள்வி. கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

கத்துவதற்குக் குளோரியை விட்டால் புன்னத்துறையில் வேறு யார்?

"மொத்தம் எத்தன எழுத்துலே?"

"ஏழு. ஏயில தொடங்கி ஜி வரைக்கும்."

"பாக்கி எல்லாம் எங்க போச்சு?"

"பாக்கி தேவையில்ல யம்மா."

"கொள்ளாமே. நானும் எட்டாங்கிளாசோட நிறுத்தினவதான்."

போனில் ஒரு ஆப் இருந்தது. எந்தச் சத்தம் வருகிறதோ அந்த எழுத்தைப் பெரிதாகக் காட்டும். அதை அடுக்களை ஜன்னலில் சாய்த்து வைத்தார்கள். குளோரி விற்றது போக மிஞ்சிய சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டு எழுத்தைக் கூப்பிடுவாள். அலமாரியில் கிட்டாரை முட்டுக்கொடுத்து லிபின் கம்பியைத் தட்டுவான். போனில் அவள் சொன்ன எழுத்து வந்தால் அடுத்தது. வராவிட்டால் கத்தி முனையால் சட்டியில் ஒரு தட்டு.

"சி!"

டொம்.

"பக்கத்து வீட்டுக்குப் போயிட்டே மக்கா. எறங்கி வா. ஈ! ஏ! சி!"

டொம். டொம். டொம்.

"திரும்பியும் பக்கத்து வீடு. அவிய என்ன விருந்தா வச்சிருக்காவ அங்க? சி! சி! சி!"

முதல் இரண்டு மூன்று நாள் சண்டையில் முடிந்தது. யம்மா நீ மெதுவாச் சொல்லு என்று அவன் கிட்டாரைக் கட்டிலில் எறிந்தான். மெதுவாச் சொன்னா நீ யோசிக்கே, யோசிக்கப்பிடாது என்று அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். குளச்சலில் விடியற்காலை மீன் ஏலத்தில் நின்று பழகியவள் அவள். ஏலம் சொல்கிறவர் மூச்சு விடுவதற்குள் வாங்குகிறவள் வாய் திறக்க வேண்டும், யோசித்தால் மீன் அடுத்தவள் சருவப் பாத்திரத்தில் விழுந்துவிடும். அதே வேகத்தில் எழுத்துகளை அவன் மேல் போட்டாள். மிளகாய் அரைக்கும்போதும் போட்டாள், துணி பிழியும்போதும் போட்டாள். அவன் குளித்துவிட்டு வரும்போது வாசலில் நின்று எஃப் என்றாள். தலை துவட்டிக்கொண்டே அவன் விரல் வெறும் காற்றில் போய் ஒரு இடத்தில் நின்றது.

"எங்க நிக்கு?"

"சரியான வீட்டுலதான் நிக்கு" என்று சிரித்தான்.

ஜெபகனி டெம்போவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னட்டி, ஒன் வீட்டுல டியூசன் நடக்குதாமே?" என்றாள். குளோரிக்கு அன்று கோபம் வரவில்லை. "ஆமா. ஒனக்கும் வேணுமா?" என்றாள்.

கொடைக்கு இரண்டு நாள் முன்னால் லிபின் மார்த்தாண்டம் போய்விட்டு வந்தான். அனில்குமார் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். மேடையில் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாராம்.

தக்கலைப் பக்கத்து அந்தத் தெரு குளோரி தினமும் மீன் கொண்டுபோகிற தெரு. காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிகிறவரை அங்கே மீன் புழங்காது, அவளும் போகமாட்டாள். அதனால் அன்று சாயங்காலம் மீன் சருவம் இல்லாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் அவளைப் பார்த்ததும் ஓமனா வாசலிலேயே மறித்தாள். வருடக்கணக்காய் அவளிடம் மீன் வாங்குகிறவள்.

"குளோரி, கொடைக்கு மீனு எடுக்கமாட்டோம்னு ஒனக்குத் தெரியும்லா?"

"மீனுக்கில்ல ஓமனாக்கா. கானமேளாவுக்காக்கும் வந்தேன். எம் மவன் வாசிக்கான்."

"ஒம் மவனா? ஐஸ் கம்பெனியிலயில்லா நிண்ணான்?"

"இண்ணைக்கு மேடையில நிக்கான்."

ஓமனா வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தாள். கோயில் மைதானத்தில் அரளியும் பிச்சியும் சாம்பிராணியும் மணத்தது. மத்தியானம் பெய்த கோடை மழையில் மண் நனைந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் புதைந்தன. மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். லிபின் டிரம்ஸுக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டையோடு நின்றான். அங்கேயும் ஓரம்தான்.

முதல் பாட்டு தொடங்கியது. குளோரி உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்ந்தது. அது காதுக்குப் போகிற சத்தமே இல்லை. மண்ணில் இறங்கிக் காலில் ஏறி வயிற்றில் சுழன்று நெஞ்சில் வந்து நின்றது. வீட்டு அலமாரிக்குள் இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது இதுவா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓமனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எம்மோ, இது என்னட்டி?" என்றாள்.

"அதான் அவன்" என்றாள் குளோரி.

மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகிக்குச் சுதி ஒத்துவரவில்லை. அவள் விரலைக் கீழே காட்டினாள். அனில்குமார் சட்டென்று பின்னால் திரும்பி வாயைத் திறந்தார். என்ன எழுத்து என்று குளோரிக்குக் கேட்கவில்லை. அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். யோசிக்காதே மக்கா, யோசிக்காதே என்று உதடு தன்னால் முணுமுணுத்தது. லிபினின் கை கம்பியில் இறங்கியது. பாட்டு ஒரு துளி சிந்தாமல் கீழே இறங்கி அங்கிருந்து ஓடியது. டிரம்ஸ்காரன் கோலோடு கையைத் தூக்கி லிபினைப் பார்த்துத் தலையாட்டினான். குளோரிக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் வாசிக்கிறவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்கள். "பேஸ் கிட்டார், புன்னத்துறை லிபின்!" என்று அனில்குமார் சொன்னபோது குளோரி எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் இரி இரி என்றார்கள். "எம் மவனாக்கும்" என்று அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஞானதாசனின் நினைவு வந்தது. வீடியோவில் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். சின்னத் திரையில் அவனைச் சுற்றி நாலைந்து தலைகள், எல்லாம் குளச்சல் முட்டம் பக்கத்து முகங்கள். அறைக்காரர்கள் எல்லாரையும் அவன்தான் கூட்டி உட்கார வைத்திருக்க வேண்டும். குளோரி போனை மேடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது. நல்ல வெள்ளையா வந்திருக்கான் பய" என்றான் ஞானதாசன். பிறகு காதைப் போனில் வைத்துக்கொண்டதால் திரையில் அவன் காது மட்டும் தெரிந்தது. "பாட்டு கேக்குது. கொட்டு கேக்குது. இவன் எங்க? இவன் கேக்கலியே."

குளோரி ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு நடுவில் புகுந்து கறுப்புப் பெட்டிக்கு எதிரேயே போய் நின்றாள். அவளுடைய விலா எலும்பு வரைக்கும் அதிர்ந்தது. சேலையின் கொசுவம் ஆடியது.

"இப்பம்?"

"இரைச்சலாத்தான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல குளோரி."

உள்ளங்கை அகலப் போனுக்குள் அந்தச் சத்தம் நுழையாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை பாடுபட்டு, எழுத்தெழுத்தாகக் கத்தி, இந்த நேரத்துக்கு இப்படியா? கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றிருக்கிறான் மனுஷன். கேட்டது போலச் சொல்லுங்கள் என்று அவனிடம் கெஞ்சவும் அவளுக்கு வாய் வரவில்லை. மகன் வாசிப்பதற்குப் பொய் எதற்கு?

போனை வாயருகே கொண்டுவந்து ஏலக்கடைக் குரலில் கத்தினாள்.

"இது போனில வராது, கேட்டியளா? எம்புட்டு நேரம் பிடிச்சாலும் வராது. இது நேரில நிக்கவங்களுக்குள்ளதாக்கும். என் நெஞ்சில வந்து இடிக்கு. பக்கத்தில ஓமனாக்கா நெஞ்சில இடிக்கு. இந்த மைதானத்தில உள்ள அம்புட்டுப் பேரு நெஞ்சிலயும் ஒம்ம மவன் இடிச்சிட்டு நிக்கான். நீரு வந்து இங்க நிண்ணாத் தெரியும்!"

நீங்க என்று சொல்லவேண்டிய வாயில் நீரு என்று வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படி அழைத்ததில்லை. சுற்றி நின்ற பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

திரையில் காது விலகி ஞானதாசனின் முகம் வந்தது. அவன் மேடையையே பார்த்தான். வாயைத் துடைத்தான். பக்கத்தில் இருந்தவன் ஏதோ கேட்க, கையைக் காட்டி அவனைச் சும்மா இருக்கச் சொன்னான்.

"குளோரி."

"சொல்லுங்க."

"ஷைஜுகிட்ட பாஸ்போர்ட்ட எடுத்து வைக்கச் சொல்லு. மேல்கட்டில்ல அவன் வந்து கெடக்கட்டும்."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

"நான் லீவுக்கு வந்து, நீ நிக்க அதே எடத்தில நிண்ணு கேக்கேன். அதுவர அவன் மேடையில இருந்து எறங்கப்பிடாது. நாஞ் சொன்னேண்ணு சொல்லு."